பிரிக்ஃபீல்ட்ஸில் ஆப்பிரிக்கப் பாடத்திட்டம்: பத்து வார விற்பனைப் பயிற்சிக்கு 1,800 ரிங்கிட் கொடுக்கலாமா?

கோலாலம்பூரில் விற்பனைப் பயிற்சி என்று தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி மேடைப் பேச்சு. நேரடி விற்பனைக் கூட்டங்களில் பார்த்துப் பழகிய பாணிதான்: பாட்டு, கைத்தட்டல், "உங்களால் முடியும்!" தெரிந்தவர்களிடம் சத்துமாவு விற்க அது உதவலாம். ஷா ஆலாம் தொழிற்சாலையின் கொள்முதல் அதிகாரியிடம் ஒரு மென்பொருளை விற்க அது எதற்கும் ஆகாது. பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமைதோறும் நடக்கும் இந்தப் பத்து வாரப் பயிற்சி அந்த வரிசையில் சேராது. அதனால்தான் மதிப்பிட எடுத்துக்கொண்டோம். நடத்துபவரின் பெயரைப் போடவில்லை. இதே அச்சில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேறு வகுப்புகளும் நடக்கின்றன. எதில் சேர்ந்தாலும் இந்த அளவுகோல் உதவும்.

பாடத்திட்டம் முதலில் லாகோஸ், நைரோபி, அக்ராவில் ஸ்டார்ட்அப் நடத்துபவர்களுக்காக எழுதப்பட்டது. வகுப்பில் 16 இடம். பாதிக்கு மேல் நம்மவர்கள். மற்றவர்கள் இங்கே படிக்க வந்து தொழில் தொடங்கிய நைஜீரிய, சூடானிய இளைஞர்கள். காலை பத்து முதல் மாலை நாலு வரை. கட்டணம் 1,800 ரிங்கிட், அதில் 300 முன்பணம். பகல் சாப்பாடு சேராது, கீழே இறங்கினால் வாழையிலைக் கடைகள் இருக்கின்றன, அது ஒரு குறையில்லை. பத்து வாரம் முடிந்தபின் ஆறு மாதத்துக்கு ஓர் ஆதரவு வட்டம்: வாட்ஸ்அப் குழு, மாதம் ஒரு நேரடிச் சந்திப்பு.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் "எச்.ஆர்.டி. கோர்ப்பில் கோரலாம்" என்று இருக்கிறது, அதாவது தொழிலாளர் பயிற்சி நிதியை நிர்வகிக்கும் அரசு அமைப்பிடம் கட்டணத்தைக் கேட்டு வாங்கலாம் என்று. இதைப் பார்த்துப் பணம் கட்டுபவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்தப் பணம், மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டிவரும் நிறுவனம் தன் கணக்கிலிருந்து எடுப்பது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு அது கட்டாயம். ஐந்து முதல் ஒன்பது பேர் உள்ளவை விரும்பினால் 0.5 விழுக்காட்டில் சேரலாம். இரண்டு பங்காளியும் ஒரு பகுதிநேரப் பையனுமாக ஓடும் ஸ்டார்ட்அப்புக்கு அந்தக் கணக்கே கிடையாது. ஆக, இந்த 1,800ம் சொந்தக் காசு.

முதல் இரண்டு வாரம் முழுக்கப் பட்டியல். "யாருக்கு விற்கப்போகிறீர்கள்?" என்ற கேள்விக்கு "சிறு வணிகர்கள்" என்று சொன்னால் அந்தப் பதிலை ஏற்பதில்லை. நூறு பெயர் வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஆறு கட்டம்: நிறுவனம், முடிவெடுப்பவரின் பெயர், தொலைபேசி எண், இப்போது அந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள், அதற்கு என்ன செலவாகிறது, அடுத்துப் பேச வேண்டிய தேதி. பலரும் இரண்டாவது கட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கடையின் பொது எண் எளிதாகக் கிடைக்கும். கையெழுத்துப் போடுபவர் யார் என்பது கிடைக்காது. கூகுள் வரைபடம், மலேசிய உற்பத்தியாளர் கூட்டமைப்பின் உறுப்பினர் பட்டியல், தொழிற்பேட்டை வாசலில் உள்ள பெயர்ப்பலகை என்று மூன்று வழி காட்டுகிறார்கள். மூன்றாவதுதான் நன்றாக வேலை செய்கிறது. காவலரிடம் கேட்டாலே "பொஸ் யாரு, எத்தனை மணிக்கு வருவாரு" என்பது தெரிந்துவிடும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறார்கள். இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். "இனி விளம்பரம் அனுப்பாதே" என்று ஒருவர் எழுத்தில் கேட்டுக்கொண்டால் நிறுத்தியாக வேண்டும். யாரோ விற்கும் "பத்தாயிரம் எண்கள்" கோப்பை வாங்கித் தட்டிவிடுவது விற்பனையும் ஆகாது, சட்டத்துக்கும் ஒத்துவராது.

மென்பொருள் எதையும் தலையில் கட்டாததற்கு ஒரு பாராட்டு. முதல் நூறு பேருக்குச் சாதாரண விரிதாளே போதும் என்கிறார்கள், அது சரி. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் லேபிள் போடவும், விரைவுப் பதில் எழுதி வைக்கவும் கற்றுத் தருகிறார்கள். ஒலிபரப்புப் பட்டியலில் (broadcast list) 256 பேர் வரைதான் சேர்க்கலாம், அதுவும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும் என்பதையும் சொல்கிறார்கள். இது தெரியாமல் "200 பேருக்கு அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடல" என்று சந்தையைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

மூன்றாம் வாரம் கேள்வி கேட்கும் பயிற்சி. நல்ல வாரம். பொருளைப் பற்றி வாயே திறக்காமல் இருபது நிமிடம் பேச வேண்டும். நாலு கேள்விதான்: இப்போ இதை எப்படிச் செய்றீங்க? போன மாசம் இதனால எவ்வளவு கைவிட்டுப் போச்சு? இதுக்கு முன்ன ஏதாச்சும் வாங்கிப் பார்த்தீங்களா, ஏன் விட்டீங்க? வாங்கணும்னா யார் யார் ஒத்துக்கணும்? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் முன்பு ஒரு பி.ஓ.எஸ். (கடையில் பில் போடும்) இயந்திரம் வாங்கி, விற்றவர் அப்புறம் தொலைபேசியையே எடுக்காமல் போன அனுபவம் செந்தூலிலும் கிள்ளானிலும் பாதிக் கடைக்காரருக்கு இருக்கும். அந்தக் கதை வெளியே வராதவரை நாம் என்ன சொன்னாலும் அவர் காதில் பழைய ஆளின் குரல்தான் கேட்கும்.

நாலு முதல் எட்டு வரையிலான ஐந்து வாரம்தான் இந்தப் பயிற்சியின் உயிர். வாரம் இருபது அழைப்பு. ஐந்து வாரத்தில் பட்டியலின் நூறும் முடியும். அழைப்பை, எதிராளியின் சம்மதம் கேட்டுப் பதிவுசெய்து சனிக்கிழமை கொண்டுவர வேண்டும். நாலு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு இருபத்தைந்து நிமிடம்: பத்து நிமிடம் பதிவைக் கேட்பது, பதினைந்து நிமிடம் அலசுவது. கேட்பவர்கள் கையில் ஒரு தாள். விற்பவர் எத்தனை நிமிடம் பேசினார், வாங்குபவர் எத்தனை நிமிடம்? எத்தனை கேள்வி கேட்டார்? விலை எந்த நிமிடத்தில் வந்தது, முதலில் சொன்னது யார்? முடிவில் தேதியும் நேரமும் குறித்தார்களா? இதைத் தவிர "நல்லா பேசினீங்க" போன்ற கருத்துக்கு அனுமதி இல்லை.

தன் குரலைத் தானே கேட்கும்போது கூச்சமாக இருக்கும், முதல் வாரம் பாதிப் பேர் பதிவு கொண்டுவர மாட்டார்கள். பயிற்றுநர் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. பதிவில்லாதவர் அன்று மற்றவர்களுக்குத் தாள் நிரப்ப மட்டும்தான் முடியும். பதிவுகளில் திரும்பத் திரும்ப வெளிப்படும் கோளாறுகள் மூன்று. ஒன்று, எதிராளி "எவ்வளவு?" என்று கேட்டதும் பிரச்சினையைப் புரிந்துகொள்ளும் முன்பே விலையைக் கொட்டிவிடுவது. இரண்டு, "பார்க்கலாம்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது. மலாயில் "தெங்கோ டுலு", சீன முதலாளியின் "நீ வாட்ஸ்அப் பண்ணு" எல்லாம் அதே மரியாதையான மறுப்புதான், அந்த இடத்திலேயே "சரிங்க பொஸ், புதன்கிழமை மூணு மணிக்குக் கூப்பிடவா, வியாழன் காலையா?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். மூன்று, மௌனம் தாங்காமல் தானாகவே விலையைக் குறைப்பது. எதிரில் இருப்பவர் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருப்பார். நம் ஆள் அதற்குள் பத்து விழுக்காடு தள்ளுபடி கொடுத்துவிடுவார்.

நூறு அழைப்பின் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டும் விதமும் நன்றாக இருக்கிறது. மாதிரிக்கு: நூற்றில் முப்பது பேர் பேசுகிறார்கள், பத்து பேர் சந்திக்க ஒப்புகிறார்கள், மூன்று பேர் விலைப்பட்டியல் கேட்கிறார்கள், ஒருவர் வாங்குகிறார். எந்தக் கணுவில் உடைகிறது என்று பார்த்தால் மருந்தும் தெரியும். எடுக்கவே மாட்டேன் என்கிறார்களா, பட்டியலோ நேரமோ தப்பு. பேசியும் சந்திக்க மறுக்கிறார்களா, முதல் முப்பது விநாடி சரியில்லை. சந்தித்தும் விலைப்பட்டியல் கேட்கவில்லையா, தப்பான ஆளிடம் போயிருக்கிறோம். விலைப்பட்டியல் வாங்கிய பிறகு சத்தமே இல்லையா, பிரச்சினை அவருக்கு இந்த மாதமே தீர்க்க வேண்டிய அளவுக்கு வலிக்கவில்லை, அல்லது கட்டண முறை ஒத்துவரவில்லை. விற்பனை மந்தமாக இருக்கிறது என்று மொத்தமாகப் புலம்புபவருக்கும் "எனக்கு இரண்டாவது கணுவில் போகிறது" என்று சொல்லத் தெரிந்தவருக்கும் உள்ள தூரம்தான் இந்த ஐந்து வாரத்தின் பயன்.

அழைக்கும் நேரம் பற்றிய பக்கம் மட்டும் லாகோஸிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. இங்கே வெள்ளிக்கிழமை 12.15 முதல் 2.45 வரை அரசு அலுவலகத்தில் ஆள் பிடிக்க முடியாது. சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரண்டு மூன்று வாரம் பட்டறை முதலாளிகள் கணக்கு முடிப்பதில் இருப்பார்கள். புதிதாக எதையும் தொட மாட்டார்கள். தீபாவளிக்கு முன் மஸ்ஜித் இந்தியா கடைக்காரரிடம் போய் உட்காருவது அவருக்குச் செய்யும் கொடுமை. உணவுக்கடை என்றால் பிற்பகல் மூன்று முதல் நாலரை. இதை எல்லாம் உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்துத் திருத்தி எழுதியிருக்க வேண்டும்.

ஆப்பிரிக்க உதாரணங்கள் எப்படி? கலவையாகத்தான் இருக்கின்றன. எம்-பெசா பாடம் நன்றாகப் பொருந்துகிறது. கென்யாவில் சஃபாரிகாம் 2007 மார்ச்சில் தொடங்கிய அந்தக் கைப்பேசிப் பணச் சேவையை மக்களிடம் கொண்டுசேர்த்தது தெருமுனைக் கடைக்காரர்கள்தான். பணம் போடவும் எடுக்கவும் வருபவர்களைக் கவனித்தால் சஃபாரிகாமிடமிருந்து அவர்களுக்குக் கமிஷன். ஆனால் முகவரின் கையில் ரொக்கமோ கணக்கில் மின்பண இருப்போ தீர்ந்துவிட்டால் வாடிக்கையாளர் திரும்பிப் போவார். இரண்டு முறை அப்படித் திரும்பினால் அந்தக் கடைக்கே வர மாட்டார். நம் ஊரில் முகவர் வழியாக விற்க நினைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது கமிஷன் விழுக்காட்டை அல்ல, முகவரின் கையில் எப்போதும் இருப்பு இருக்கிறதா என்பதைத்தான். மாதிரிப் பொருள், விலைத்தாள், கேள்விக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லும் ஆள் என்ற மூன்றும் இல்லாத முகவர் பெயருக்கு மட்டுமே முகவர்.

எம்-கோபா உதாரணத்தை அப்படியே எடுத்தால் சிக்கல். நைரோபியில் தொடங்கிய அந்நிறுவனம் வீட்டுச் சூரிய விளக்குத் தொகுதியை முன்பணம் வாங்கிக்கொண்டு, மீதியை நாளுக்கு 40, 50 ஷில்லிங் என்று எம்-பெசா வழியே கட்டவைத்தது. கட்டாவிட்டால் தொகுதி தானே அணைந்துவிடும். மண்ணெண்ணெய்க்குத் தினமும் செலவாகும் காசோடு ஒப்பிட்டதால் அது விற்றது. வகுப்பில் இதைப் பின்பற்றி எல்லாரையும் நாள்விலை சொல்லச் சொல்கிறார்கள்: மாதம் 120 ரிங்கிட் மென்பொருள், "ஒரு நாளைக்கு நாலு ரிங்கிட்தான்." உணவுக்கடைக்காரரிடம் இது எடுபடும், அவர் வரவு செலவே தினக்கணக்கு. பினாங்கின் பிறையில் பட்டறை வைத்திருப்பவரிடம் எடுபடாது. அவர் ஆண்டுக் கணக்கில் வாங்குபவர். தினத்தவணை, கட்டாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்றால் அவருக்கு ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) ஞாபகம்தான் வரும்.

டிவிகா ஃபூட்ஸ் பாடத்தை முழுசாக மாற்ற வேண்டும். 2014ல் நைரோபியில் வாழைப்பழ விநியோகத்தில் தொடங்கி, சிறு கடைக்காரர்களின் ஆர்டரைக் கைப்பேசியில் வாங்கிக் கடைக்கே கொண்டுசேர்த்த நிறுவனம். வகுப்பில் இது வெற்றிக் கதையாக மட்டுமே வருகிறது. 2022 இறுதியில் அது சம்பளத்துக்கு வைத்திருந்த விற்பனை ஆட்களை எடுத்துவிட்டுக் கமிஷன் முகவர் முறைக்கு மாறியதும், 2023ல் மறுபடி ஆட்குறைப்புச் செய்ததும் வரவில்லை. விற்பனை படிப்பவருக்கு அந்த இரண்டாம் பாதிதான் பாடம்: குறைந்த லாபப் பொருளுக்கு மாதச் சம்பள விற்பனையாளர் கட்டுபடியாவாரா என்ற கணக்கை முதல் ஆளை வேலைக்கு எடுக்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் வாரம் விலையும் வசூலும். பெரிய ஏமாற்றம் இங்கேதான். வசூலுக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. பணம் வந்தபின் சேவை என்ற முறையில் எழுதப்பட்ட பாடத்திட்டம் என்பதால் இருக்கலாம். இங்கே நிறுவனங்களுக்கு விற்றால் 30 நாள், 60 நாள், சில இடத்தில் 90 நாள் தவணை. விற்றுவிட்டு மூன்று மாதம் சம்பளம் போட வழியில்லாமல் மூடிய கம்பெனிகள் உண்டு. குறைந்தது இவற்றையாவது சொல்லித் தர வேண்டும்: முதல் ஆர்டருக்கு 50 விழுக்காடு முன்பணம் கேட்பது, கொள்முதல் ஆணை எண் கையில் வராமல் வேலையைத் தொடங்காதிருப்பது, ஒப்படைப்புச் சீட்டில் பெயர், தேதி, முத்திரை வாங்குவது, விலைப்பட்டியல் கொடுக்கும்போதே வாங்குபவரின் வரி அடையாள எண்ணையும் முழுப் பதிவுப் பெயரையும் கேட்டு வைப்பது. உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்டிலிருந்து நிறுவனங்களைப் படிப்படியாக மின்-விலைச்சீட்டு (e-invoice) முறைக்குக் கொண்டுவந்தபின் கடைசி விஷயம் முக்கியமாகிவிட்டது. ஓர் எண் தப்பானால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும், அந்த மாதக் கொடுப்பனவுச் சுற்று போய்விடும், நம் 60 நாள் 90 ஆகும். சண்டை போட முடியாது, தப்பு நம்முடையது.

இன்னொரு குறை மொழி. நம்மவர்கள் குழுவாக உட்கார்ந்தால் நடிப்புப் பயிற்சி தமிழிலேயே ஓடிவிடுகிறது, சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கிறது. ஆனால் வாங்குபவரில் பெரும்பாலோர் சீனரும் மலாய்க்காரரும். தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்தவருக்கு எழுத்து மலாய் நன்றாக வரும். விலை பேசும் மலாய் வேறு. அரசு அலுவலகத்தில் என்சேக், புவான், டத்தோ என்று சரியாக விளிக்காவிட்டால் மீதிப் பேச்சைக் கேட்க மாட்டார்கள். பட்டறை முதலாளியை "மிஸ்டர்" போட்டு அழைத்தால் வரிவசூலுக்கு வந்தவன் என்று நினைப்பார், "பொஸ்" போதும். நம் மூத்த வியாபாரிகளிடம் "அண்ணே" என்று தொடங்கலாம், ஆனால் அண்ணே என்ற உரிமையில் அவர் கடன் கேட்பார் என்பதையும் சேர்த்தே சொல்லித் தரவேண்டும்.

பத்தாம் வாரம் மேடையேறி ஐந்து நிமிடம் பேசும் நாள். முதலீட்டாளர் மாதிரி மூன்று பேர் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். படம் எடுத்துப் போட நன்றாக இருக்கும். அந்தச் சனிக்கிழமையையும் வசூலுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஆதரவு வட்டத்துக்கு வருவோம். ஆப்பிரிக்காவில் இந்த மாதிரி வட்டங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. நைரோபியின் ஐஹப் என்ற தொழில்முனைவோர் மையம் 2010ல் திறந்தது; ஊர் ஊராக உள்ள இத்தகைய மையங்களை இணைக்கும் ஆஃப்ரிலாப்ஸ் 2011ல் வந்தது; லாகோஸின் சிசிஹப் 2019ல் ஐஹப்பையே வாங்கியது. டோனி எலுமேலு அறக்கட்டளை 2015லிருந்து ஆப்பிரிக்கத் தொழில்முனைவோருக்குப் பயிற்சி, வழிகாட்டி, அதோடு திருப்பித் தர வேண்டாத 5,000 டாலர் என்று மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டம் இதில் வழிகாட்டியை மட்டும் எடுத்துக்கொண்டது, பணம் கிடையாது. அரசின் தெக்குன் நிறுவனம் இந்தியத் தொழில்முனைவோருக்காக நடத்தும் ஸ்புமி போன்ற திட்டங்களைக் கைகாட்டுகிறார்கள். அது கடன், மாதாமாதம் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை உரக்கச் சொல்லவில்லை.

வட்டத்தின் விதி ஒன்று அருமை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் உறுப்பினர் ஒவ்வொருவரும் குழுவில் இரண்டு வரி போட வேண்டும்: எனக்கு யாரைச் சந்திக்க வேண்டும் என்பது ஒரு வரி, நான் யாரை அறிமுகப்படுத்த முடியும் என்பது இன்னொரு வரி. "ரெஸ்டாரன்ட் ஓனர் யாராச்சும்" என்று போட்டால் ஒருவருக்கும் யார் ஞாபகமும் வராது. "கிள்ளான் லிட்டில் இந்தியாவில் இரண்டு கிளைக்கு மேல் உள்ள உணவகத்தின் கணக்கு பார்ப்பவர்" என்று போட்டால் யாருக்காவது ஒரு மாமா மகன் இருப்பார். அறிமுகம் செய்பவர் முதலில் அந்தப் பக்கம் கேட்டு, சம்மதம் வந்தபின்தான் எண்ணைத் தரவேண்டும். அறிமுகம் வாங்கியவர் 48 மணி நேரத்தில் பேசிவிட்டு என்ன ஆயிற்று என்று குழுவில் சொல்லியாக வேண்டும். கடைசிப் பகுதியைச் செய்யாதவருக்கு அடுத்த அறிமுகம் வராது. ஊர்க்காரர்களுக்குள் எழுதாமலேயே இருக்கும் நியாயத்தை எழுத்தில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் மாதத்துக்கு மேல் இது தேய்கிறது. காலை வணக்கம், சாமி படம், யாரோ ஒருவரின் காப்புறுதித் திட்டம் என்று குழு நிரம்புகிறது. திங்கட்கிழமைப் பதிவைத் துரத்திப் பிடிக்க ஆள் இல்லாததே காரணம். பயிற்றுநர் அதற்குள் அடுத்த அணியில் இருப்பார். அணிக்குள்ளேயே ஒருவர் பொருளை இன்னொருவர் வாங்கிக்கொள்வதும் நடக்கிறது. அது விற்பனை மாதிரி தெரியும், சந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கென்யாவின் சாமா எனும் சேமிப்புக் குழுக்களைப் பார்த்து, மாதம் ஆளுக்கு 200 ரிங்கிட் போட்டுச் சுற்றில் ஒருவருக்குக் கொடுக்கலாமே என்ற யோசனையும் எழுந்ததுண்டு. வட்டத்தின் விதித்தாள் இதைத் தடுக்கிறது, நல்ல வேளை. கூட்டு, அதாவது சீட்டு, பிடிக்கும் தொழிலை மலேசியாவில் 1971ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. தோட்டத்தில் பாட்டிமார் பிடித்தார்களே என்று கம்பெனி பெயரில் தொடங்கிவிடக் கூடாது.

பினாங்குப் பதிப்பு பட்டர்வொர்த்தில் இரண்டு வார இறுதிகளில், 900 ரிங்கிட்டுக்கு நடக்கிறது. வேண்டாம். அழைப்புப் பதிவு வாரங்களை வெட்டித்தான் அதை நாலு நாளில் அடக்கியிருக்கிறார்கள், அதாவது உயிரை எடுத்துவிட்டுச் சட்டையை விற்கிறார்கள். அங்குள்ளவருக்குத் தேவைப்படும் விஷயமும் வேறு. பாயான் லெப்பாஸ் 1972லிருந்து பன்னாட்டுத் தொழிற்சாலைகளின் இடம். அங்கே நேரே போய் விற்பது கடினம். விற்பனையாளர் பதிவு, தர ஆவணங்கள், வெளிநாட்டுத் தலைமையகத்தின் ஒப்புதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஏற்கெனவே பதிவு பெற்ற உள்ளூர்ப் பட்டறைக்குத் துணை ஒப்பந்தமாகப் போவதுதான் புதியவருக்குத் திறக்கும் கதவு. அதைப் பற்றி ஒரு பக்கமும் இல்லை.

கையில் பொருள் இருக்கிறது, ஐந்தாறு பேராவது காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், ஆனால் எப்படி அடுத்த ஐம்பது பேரைப் பிடிப்பது என்று தெரியவில்லை என்பவர் கோலாலம்பூர் வகுப்பில் சேரலாம். ஐந்துக்கு மூன்றரை போடுகிறோம். அழைப்பு வாரங்களுக்கு மட்டும் என்றால் நாலரை. இன்னும் யோசனை அளவிலேயே இருப்பவர் இப்போது சேர வேண்டாம், பதிவுசெய்ய அழைப்பே இருக்காது. பங்காளிகள் இருவர் என்றால், தொலைபேசியில் பேசத் தயங்குபவரையே அனுப்புங்கள்.

முன்பணம் 300 கட்டும் முன் நடத்துபவரிடம் மூன்று கேள்வி கேட்டுப் பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். போன அணியின் வட்டத்தில் சென்ற திங்கட்கிழமை எத்தனை பேர் இரண்டு வரி போட்டார்கள்? என் தொழிலையே செய்யும் இன்னொருவர் இந்த அணியில் இருக்கிறாரா? அழைப்பு வாரத்தில் ஒரு சனிக்கிழமை வரமுடியாவிட்டால் அடுத்த அணியில் ஈடுசெய்ய முடியுமா? கடைசிக் கேள்விக்கு இப்போதைக்கு "பார்க்கலாம்" என்றுதான் பதில் வருகிறது. அழைப்பு வாரங்களின் பாடப்படி, அந்த இடத்திலேயே தேதி கேளுங்கள்.